மேற்கே பார்த்து நின்ற ஆடுகள்

பூவிழி பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிவெயில். கல்லங்குறிச்சி சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில் நடந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுண்ணாம்புப் புழுதி அவள் செருப்பையும் பாதத்தையும் ஒரே நிறமாக்கிவிட்டது. ஆடுகள் இந்த நேரத்தில் வேப்பமரத்து நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிழல் காலியாகக் கிடந்தது. பட்டிக்கு வெளியே, பொட்டு நிழலும் இல்லாத கரட்டுத் தரையில் அத்தனை ஆடுகளும் நின்றன. எல்லாம் மேற்கே பார்த்து நின்றன.

முதலில், நாய் எதையோ துரத்திவிட்டதென்று நினைத்தாள். கிட்டே போனாள். எந்த ஆட்டின் வாயும் அசையவில்லை. காதுகள் முன்னால் விறைத்திருந்தன. கண்ணோரத்தில் ஈ உட்கார்ந்தும் ஓர் ஆடு இமைக்கவில்லை. அப்போது தொலைவில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பதற்கான சங்கு ஊதியது. பின்னாலேயே வெடி. தரை அதிர்ந்து, அந்த அதிர்வு கால் வழியாக வயிற்றுக்கு ஏறியது. வெடிச் சத்தத்துக்கு எப்போதும் நாலாபக்கமும் சிதறி ஓடுகிற ஆடுகள் ஒரு குளம்பைக்கூட மாற்றி வைக்கவில்லை.

"வா பூவு," என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. அக்காவின் கணவன் தர்மன், கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பீடியைத் தேடிக்கொண்டிருந்தான். "வரவேற்பு எப்படி? கொஞ்ச நாளா இப்படித்தான். பெருமாள் கோயில் தேரு வருதுன்னு நிக்குதுங்க போல."

"மேயுதா மாமா?"

"காலையில மேயுது, தண்ணி குடிக்குது. வெயில் ஏறுனா வந்து நின்னுக்குது. கம்பெடுத்து அடிச்சிக்கூட பாத்தேன். அடிய வாங்கிக்கிட்டு அப்படியே நிக்குது. மந்திரிச்சு வுட்ட மாதிரி இருக்கு. ஒங்க ஆபீசுல என்னாத்த கலந்தீங்க?"

கேலியாகத்தான் கேட்டான். பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. கலந்தது அவள்தான்.

பெரம்பலூரில் துறையூர் சாலையில், உரக்கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிறுவனம். அங்கே பூவிழிக்கு வேலை. ஆட்டுக்கொல்லி நோய்க்குச் செத்த கிருமியை வைத்து ஒரு புதுத் தடுப்பூசி செய்துகொண்டிருந்தார்கள். செத்த கிருமியை மட்டும் உள்ளே விட்டால் உடம்பு அதை லட்சியம் செய்யாது. உடம்பை உலுக்கி எழுப்ப இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றைச் செய்வதுதான் அவள் வேலை.

கிருமிகளின் டி.என்.ஏ.வில் சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஜி என்ற எழுத்து அடிக்கடி வரும். ஆட்டுக்கும் மனிதனுக்கும் அப்படி வருவது குறைவு. வந்தாலும் பெரும்பாலும் அதன்மேல் ஒரு மூடி இருக்கும். மூடியில்லாத சி-ஜியைக் கண்டால் உடம்பின் காவல் அணுக்கள் திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். பூவிழி அப்படிப்பட்ட துண்டுகளைக் கணினியில் எழுதுவாள். இயந்திரம் எழுத்து எழுத்தாகக் கோத்துக் கொடுக்கும். எழுத்துகளைக் கோத்திருக்கும் சரட்டில் அங்கங்கே ஓர் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைப்பாள். அப்படிச் செய்தால் உடம்பால் அதைச் சீக்கிரம் கடித்துத் தின்ன முடியாது. திருடன் வந்த சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். திருடன் இருக்கமாட்டான். அவளுடைய ஏழாவது துண்டு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. ஆபீசில் அதற்குப் பூ-ஏழு என்று பெயர்.

அதைக் கலந்த தடுப்பூசியை மூன்று ஊர் மந்தைகளுக்குப் போட்டார்கள். ரஞ்சன்குடியில் ஒன்று, பூலாம்பாடியில் ஒன்று, மூன்றாவது அக்காவின் மந்தை. ஆடு தருவதற்கு ஊரில் வேறு யாரும் ஒப்பவில்லை. "என் தங்கச்சி கண்டுபுடிச்ச மருந்து. என் ஆட்டுக்குப் போடுங்க," என்று இருசம்மாள்தான் முன்னால் வந்தாள். அம்மா போன பிறகு பூவிழியை வளர்த்தது அவள். கல்லுடைக்கப் போய்ச் சம்பாதித்துப் படிக்கவைத்ததும் அவள்.

ஊசி போடுகிற செல்லப்பன் வண்டியில் வந்து சேர்ந்தார். இன்று ரத்தம் எடுக்கிற நாள். ஆடுகளைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்தில் கழுத்தைத் தடவி ஊசியை ஏற்றி உறிஞ்சினார். ஓர் ஆடும் துள்ளவில்லை.

"சர்வீசுல இவ்வளவு மரியாதையான ஆட்ட நான் பாத்ததில்லம்மா," என்றார். "பொட்டிக்கடையில பால் வாங்குற மாதிரி ரத்தம் வாங்குறேன்."

ஒன்றே ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கருப்புக் கிடா. அது வேலியோரத்துக் கருவேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டு தன்பாட்டுக்குத் திரிந்தது. செல்லப்பன் அதன் பக்கம் போனதும் இருசம்மாள் வீட்டு வாசலிலிருந்து கத்தினாள்.

"அண்ணே, அத வுட்டுடுங்க!"

"ஒரு சொட்டு போதும்மா."

"வேணாம்ண்ணே. நேந்து வுட்டது."

செல்லப்பன் பூவிழியைப் பார்த்துக் கையை விரித்தார். "எல்லச்சாமிக்கு நேந்த உருப்படி மேல வெட்டுற நாள் வரைக்கும் இரும்பு படக்கூடாது, ரத்தம் சிந்தக்கூடாதும்பாங்க. அன்னிக்கி ஊசி போட வுட்டதே பெருசு. நான்கூட ஆச்சரியப்பட்டேன்."

பூவிழியும் அன்று ஆச்சரியப்பட்டிருந்தாள். அந்தக் கிடாவை அக்கா நேர்ந்துவிட்டதே தங்கைக்கு அந்த வேலை நிலைக்க வேண்டுமென்றுதான். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் போட வேண்டும், ஒன்று தவறினாலும் தன் வேலைக்கே கேடு என்று இவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அக்கா மறுபேச்சில்லாமல் கிடாவையும் இழுத்து வந்து நிறுத்தினாள். அக்கா மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் பூவிழி.

உள்ளே அக்கா டீ ஊற்றினாள். முகம் பக்கவாட்டில், மேற்குச் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தச் சுவரில் சன்னல் கிடையாது, படம்கூட மாட்டியிருக்கவில்லை. டம்ளர் நிறைந்து டீ வழிந்து பூவிழியின் மடியில் விழுந்தது.

"அக்கா!"

"அய்யோ, சுட்டுடுச்சா?" இருசம்மாள் பதறித் துணியைத் தேடினாள். திரும்பிய முகம் கொஞ்ச நேரத்தில், தானாகவே, பழைய இடத்துக்குப் போய்விட்டது. "கழுத்து புடிச்சிருக்குடி. தலகாணி ஒசரம்."

பூவிழி அதை நம்பினாள். பெரம்பலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவளுக்கு.

*

ரத்தத்தின் முடிவுகள் வந்ததும் நிறுவனத்தின் தலைவர் ராஜராஜன் எல்லோருக்கும் லட்டு வாங்கிவரச் சொன்னார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எதிர்ப்பு சக்தி. அந்த வாரமே பூலாம்பாடியில் பக்கத்துப் பட்டிகளில் ஆட்டுக்கொல்லி வந்து வாய் வெந்து மூக்கு ஒழுகி ஆடுகள் சுருண்டு விழுந்தன. ஊசி போட்ட மந்தையில் ஒன்றுக்குக்கூடத் தும்மல் இல்லை.

"பூவிழி, நீ பெரிய ஆளாயிட்ட. இன்னும் பத்து வருஷம் கழிச்சு என்ன ஞாபகம் வெச்சுக்க," என்று ராஜராஜன் சிரித்தார்.

அவள் பூலாம்பாடிக்குப் போன் போட்டாள். ஆட்டுக்காரர் நல்லுசாமி பேசினார். "நோவெல்லாம் இல்லீங்க மேடம், சும்மா கல்லு மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணுங்க, சிரிக்கக்கூடாது. மத்தியானமானா எல்லாம் தென்கிழக்கா பாத்து நின்னுக்குதுங்க. எம்பொஞ்சாதி அந்தப் பக்கம் விபூதிகூட போட்டுட்டா."

ரஞ்சன்குடிக்குப் போட்டாள். அங்கே தெற்கே பார்த்து நிற்கின்றனவாம்.

பூவிழி கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். அக்கா ஊரிலிருந்து விரலால் மேற்கே இழுத்தாள். ரஞ்சன்குடியிலிருந்து தெற்கே இழுத்தாள். பூலாம்பாடியிலிருந்து தென்கிழக்காக இழுத்தபோது விரல் ஏற்கெனவே இருந்த இடத்துக்கே வந்து நின்றது. பெரம்பலூர். பெரிதாக்கினாள். துறையூர் சாலை. அவள் நிமிர்ந்து உறைபெட்டியைப் பார்த்தாள். அதற்குள், தாளில் சுற்றிய சின்னக் குப்பிகளில், மிச்சமிருந்த பூ-ஏழு அவ்வளவும் இருந்தது.

படித்தவள் நம்பக்கூடிய விஷயமில்லை அது. அதனால்தான் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று துணிந்தாள்.

மறுநாள் காலை குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு ரஞ்சன்குடிக்குப் பஸ் ஏறினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள், "மீனாம்மா?" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தாள். கோட்டையை ஒட்டிய சரிவில் மந்தை நின்றது. சொன்னபடியே தெற்கே பார்த்து. பஸ் தெற்கிலிருந்துதான் வந்திருந்தது.

பூவிழி மந்தையைச் சுற்றிக்கொண்டு, கோட்டைச் சுவரோரமாக வடக்குப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. கல் படியில் உட்கார்ந்து பெட்டியைக் காலடியில் வைத்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

எல்லாம் அவளைப் பார்த்து நின்றன.

மேலே ஒரு பருந்து கத்தியது. பூவிழி எழுந்து பெட்டியோடு கிழக்கே கொஞ்ச தூரம் போனாள். தலைகள் கூடவே வந்தன. ஒன்றை முந்தி ஒன்று திரும்பவில்லை. ஒரே கயிற்றில் கட்டி இழுத்தது மாதிரி எல்லாம் ஒன்றாகத் திரும்பின. கைப்பேசி அடித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பூவு," என்றான் தர்மன். குரலில் கேலி இல்லை. "இங்க ஆடெல்லாம் வடமேக்கா திரும்பிடுச்சு. இப்பத்தான். இவ்வளவு நாளா மேக்கால நின்னது."

"தெரியும் மாமா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? சரி அத வுடு. ஒங்க அக்காவும் திரும்பிட்டா."

பூவிழி ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கழுத்துப் புடிப்புன்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தா. அது இல்ல. அவளும் ஆடு மாதிரிதான் நிக்கிறா. சோறு தின்னு நாளாச்சு. நேத்து மேக்கால ரோட்டப் புடிச்சி நடந்துட்டா. சிமெண்டு லாரி வர்ற ரோடு. அரியலூர் தாண்டி ஒரு லாரிக்காரன் ப்ரேக்கப் போட்டு, எறங்கிக் கையப் புடிச்சிருக்கான். 'எங்கம்மா போற'ன்னா, 'அங்க'ன்னுருக்கா. அவன்தான் கொண்டாந்து வுட்டான். நான் வேலைக்குப் போறதா, இவளக் கட்டிப் போடுறதா? ஊசி ஆட்டுக்குத்தான போட்டீங்க?"

பூவிழிக்கு வேலியோரத்தில் தனியாகத் திரிந்த கருப்புக் கிடா கண்முன் வந்தது. அந்தக் கிடா எந்தத் திசையையும் பார்த்து நிற்கவில்லை.

*

"காட்டுக்கா கைய."

இருசம்மாள் காட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மேற்கே பார்த்திருந்தாள். பூவிழி குப்பிகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அக்காவின் கன்னம் ஒட்டியிருந்தது. வெயில் நேரே கண்ணில் அடித்தும் கண் கூசவில்லை. பூவிழி அவளுடைய இடது கையை இழுத்து வளையல்களை மேலே தள்ளினாள். முன்கையில், சதைப்பற்றான இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"கிடாவுக்குப் போட வேண்டியத நீ வாங்கிக்கிட்டியா?"

"சத்தம் போடாத. ஒங்க மாமாவுக்குத் தெரியாது."

"எப்படிக்கா? செல்லப்பண்ணன் பாக்கலையா?"

"அவரு எங்க பாத்தாரு? வரிசையா குத்திக்கிட்டே வந்தாரு. நான் முந்தானைய கிடா கழுத்துல போட்டு, உள்ள என் கைய வெச்சி, சதைய இழுத்துப் புடிச்சிக் குடுத்தேன். 'துணிய எடும்மா'ன்னாரு. 'துள்ளுதுண்ணே, அப்படியே குத்துங்க'ன்னேன். குத்திட்டுப் போயிட்டாரு." அக்காவின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ஒன்னோட கணக்கும் தப்பல. சாமி கணக்கும் தப்பல."

"பைத்தியமா நீ? என்கிட்ட சொல்லியிருந்தா கிடாவ வுட்டுருப்பேன்ல?"

"நீதான ஒண்ணு கொறஞ்சாலும் வேலை போயிடும்ன? அத்தனை பேருக்கு முன்னால நானே போடக்கூடாதுன்னு சொன்னா ஒன்ன எவன் மதிப்பான்? குத்த வுடலாம்னா, அது நேந்த உருப்படி. ஒனக்குன்னு நேந்தது. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

பூவிழி அவள் வளையல்களைக் கீழே இறக்கிவிட்டாள். "அங்க என்னக்கா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"பின்ன ஏன் பாக்குற?"

இருசம்மாள் யோசித்தாள். "வூட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு தோணுனா, எந்தப் பக்கம்னு காது தேடும்ல? எடம் தெரிஞ்சிட்டா அந்தப் பக்கத்த வுட்டுக் கண்ண எடுக்க முடியுமா? அப்படிடி. எடுத்தா பின்னால வந்துடும்னு இருக்கு. போயிப் பாத்துட்டா நிம்மதின்னு இருக்கு. அதான் கால் போயிடுது."

டாக்டரிடம் காட்டலாம் என்றால் என்னவென்று சொல்வது? காய்ச்சல் இல்லை. ரத்தத்தைப் பார்த்தாலும் கெட்டது எதுவும் தெரியாது. போட்டுக்கொண்ட துண்டும் இந்நேரம் உடம்பைவிட்டுப் போயிருக்கும். கந்தகம் வைத்ததுகூட இத்தனை வாரம் தங்காது. தங்கியிருப்பது உடம்பு அதைப் பற்றி வைத்துக்கொண்ட நினைவு. அது தேடிப் பார்க்கிற பொருள் பெரம்பலூரில் உறைபெட்டியில் இருக்கிறது. அது இருக்கிறவரை அக்கா நடப்பாள். தர்மன் வேலைக்குப் போன ஒரு நாள், லாரிக்காரன் ப்ரேக் போடாத ஒரு நாள்.

"மாமா," என்று பூவிழி வெளியே வந்து சொன்னாள். "நாளைக்கு ஒரு நாள் அக்காவ வுட்டு நகராதீங்க. நான் சரி பண்ணிட்டு வரேன்."

*

ராஜராஜன் முழுதும் கேட்டார். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை.

"உங்க அக்காவுக்கு ஊசி பட்டது தப்பு. அதுக்கு என்ன வைத்தியமோ நம்ம செலவுல பண்ணுவோம். ஆனா ஆடு திசை பாத்து நிக்குதுன்னு இத அழிக்கச் சொல்றியா? ஒவ்வொரு ஊர்லயும் ஆடு செத்துக்கிட்டு இருக்கு பூவிழி. இது நிப்பாட்டுது."

"தெரியும் சார். வேற ஒண்ணு செஞ்சு தரேன் சார். எட்டாவது, ஒம்பதாவது. இது வேணாம்."

"நாளைக்குப் பேசுவோம். நீ போயித் தூங்கு."

அவர் சாப்பிடக் கீழே இறங்கிப் போனதும் பூவிழி கதவைத் தாழிட்டாள். குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து அமிலத்தில் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். கந்தகம் வைத்த சரடு லேசில் அறாது என்று அவளுக்குத் தெரியும். அறுகிறவரை பக்கத்திலேயே நின்றாள். கொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. பிறகு கணினியில் இருந்ததை அழித்தாள். கோக்கிற இயந்திரத்தின் நினைவிலிருந்தும் அழித்தாள். ராஜராஜனுக்கு அதன் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவருக்கு அது வெறும் பூ-ஏழு. வெளியே போய்விடக்கூடாதென்று அவர்தான் யாருக்கும் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தார். இனி உலகத்தில் எங்குமே அது இல்லை என்று ஆனபோது பூவிழிக்கு, பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போட்டது மாதிரி இருந்தது. வேலையும் அத்தோடு போயிற்று. கவலையாக இல்லை.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே தர்மன் கூப்பிட்டான்.

"பூவு! ஆடெல்லாம் கலைஞ்சிடுச்சு! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்குது. ஒண்ணு தும்முது, ஒண்ணு என் வேட்டியத் தின்னுது!" அவன் சிரிப்பும் அழுகையுமாகப் பேசினான். "என்னாத்த பண்ணுன?"

"அக்கா?"

"உக்காந்துருக்கா. சுத்திச் சுத்திப் பாக்குறா. 'தொலஞ்சிடுச்சு, தொலஞ்சிடுச்சு'ங்கிறா. ஆனா நடக்கல. நீ வா மொதல்ல."

அரியலூர் பஸ்ஸில் சன்னலோர சீட் கிடைத்தது. பூவிழி தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினாள். பல நாள் தூக்கம் பாக்கியிருந்தது. பேரளி வந்ததும் யாரோ இறங்கினார்கள். டிரைவர் கியர் மாற்றினார். சக்கரத்தின் சத்தத்தோடு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். அவளுடைய நாக்குதான். மூடிய வாய்க்குள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. டி சி ஜி டி, ஏ சி ஜி டி டி, சி ஜி…

அவள் கண்ணைத் திறந்தாள்.

பாட்டு ஒன்றை நினைத்துப் பார்த்தாள். பாட்டு தாளம் தவறி எழுத்துகளில் போய் விழுந்தது. எதிரே வந்த லாரிகளின் நம்பரைப் படித்தாள். டி.என் என்று தொடங்கியதும் டிக்குப் பின் சி வந்தது. இரண்டு வருடம் அவள் அதோடு தூங்கி எழுந்திருக்கிறாள். குளிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் ஓர் எழுத்தை மாற்றினால் என்ன என்று புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எல்லா இடத்திலும் அழித்தாகிவிட்டது. ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. பெரிய விளக்கு எரிந்தவரை, பக்கத்தில் இந்தச் சின்ன விளக்கு இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

வாரணவாசியைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. அவள் உடனே எடுக்கவில்லை. மடியில் அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவு," என்றான் தர்மன். மெதுவாகப் பேசினான், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பது மாதிரி. "மறுபடியும் நிக்குதுங்க. மேக்கால பாத்து."

"அக்கா?"

"அவளும்தான். ஆனா அழுகைய நிறுத்திட்டா. 'வருது'ங்கிறா. 'கிட்ட வருது'ங்கிறா. என்னா புள்ள வருது?"

அப்படியே இறங்கி, எதிர்ப்பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. போனால் அக்கா அந்தத் திசைக்கு நடப்பாள். சென்னைக்குப் போனால் சென்னையைப் பார்த்து நடப்பாள். பூவிழி சீட்டை விட்டு எழவில்லை.

கல்லங்குறிச்சி சாலையில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மண்பாதை ஓரிடத்தில் வளைந்து, குளத்தைச் சுற்றி, பிறகு வீட்டுக்குப் போகும். அந்த வளைவில் நடக்கும்போது கரட்டில் நின்ற தலைகள் மெல்ல மெல்ல அவளோடு திரும்பி வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். ஆடுகளுக்கு நடுவே ஒரு பச்சைப் புடவையும் திரும்பியது. அவள் நின்றாள். அவையும் நின்றன. அவள் நடந்தாள்.

தர்மன் வேப்பமரத்தில் கையை ஊன்றி நின்றிருந்தான். பூவிழியைப் பார்த்தான், ஆடுகளைப் பார்த்தான், மறுபடி பூவிழியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அவன் ஓர் அடி பின்னால் போனான்.

"மாமா, எனக்கு இங்கயே ஒரு எடம் வேணும்," என்றாள் பூவிழி. "இனிமே நான் எங்கயும் போகல. நான் இங்க இருந்தா அவ எங்கயும் போகமாட்டா."

"எத்தன நாளைக்கு?"

பூவிழி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இருசம்மாள் குழந்தை மாதிரிக் கூடவே வந்தாள். வாசற்படியில் நின்று, பூவிழி முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, பின்னால் வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூவிழி எதிரில் உட்கார்ந்து, பழைய சோற்றில் மோர் விட்டுப் பிசைந்தாள்.

"வாயத் தொறக்கா."

இருசம்மாள் வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கினாள். "உப்பு கம்மி," என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சோற்றைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. வாசலில் நின்ற தர்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னப் பாருக்கா."

"ஒன்னத்தானடி பாக்குறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தக் கண்கள் பூவிழியின் கண்களில் இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, நெற்றிக்கு உள்ளே எங்கோ இருந்தன. பூவிழி வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். உப்பு, மோர், அக்காவின் பச்சைப் புடவை. நாக்கு தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. அடுத்த உருண்டையை எடுக்க அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். அக்காவின் முகமும் கூடவே சாய்ந்தது. சுவருக்கு வெளியே, காய்ந்த மண்ணில், ஏகப்பட்ட குளம்புகள் ஒரே நேரத்தில் இடம் மாறி நிற்கிற சத்தம் கேட்டது.